மணிக்கோபுரத்தில் கேட்ட 'இஞ்சாருங்கோ'

இஞ்சாருங்கோ,

உங்கள் பச்சைக் கோட்டைச் சாரிட்டிக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று நேற்று அலுமாரியிலிருந்து எடுத்தேன். கொடுக்க முன்னம் பைகளைத் தடவிப் பார்த்தேன். நான் பை தடவாத கோட்டு உங்களிடம் ஒன்றாவது இருந்ததா? வலது பையில் ஒரு பஸ் டிக்கெட். இடது பையின் மூலையில், தையலுக்குள் சிக்கிக்கொண்டு, ஒரு சிட்டிகை கம்பளிப் பஞ்சு. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் நீலம், கொஞ்சம் வெள்ளை. மூக்கில் வைத்துப் பார்த்தேன். பழைய கயிறும் ஈரக் கல்லும் உங்கள் கையும் கலந்த மணம். அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். கோட்டு திரும்பவும் அலுமாரிக்குள்தான் தொங்குகிறது. மகள் கேட்டால் கடை பூட்டிக் கிடந்தது என்று சொல்வேன்.

இந்தப் பஞ்சில்தானே எல்லாம் தொடங்கியது. எண்பதுகளின் கடைசி. லண்டனில், நோர்பரியில் அந்தச் சின்ன ஃப்ளாட். நீங்கள் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை, நான் வீட்டில் மெஷின் வைத்துத் தையல். நூலைக் கண்டால் அது எந்த உடுப்பிலிருந்து கழன்றது என்று சொல்லுகிற கண் எனக்கு. ஒரு புதன்கிழமை காலை உங்கள் கறுப்புச் சுவெற்றரைத் தோய்க்க எடுத்தேன். நெஞ்சிலும் கைமடிப்பிலும் இந்தப் பஞ்சு. சுவெற்றர் நூலும் இல்லை, ஸ்கார்ஃப் நூலும் இல்லை. தடித்துச் சடைத்த கம்பளி. இப்படிச் சிவப்பும் நீலமுமாக உடுத்துகிறவள் யார் என்று யோசித்தேன். உடுத்துகிறவன் யார் என்று ஏன் யோசிக்கவில்லை என்று நீங்கள் பிறகு கேட்டீர்கள். அப்படி யோசிக்க நான் என்ன விசரியா?

ஒன்றைக் கண்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெரியவரும். அதற்கு முதல் கிழமைகளிலும் நீங்கள் செவ்வாய்க்கிழமைதான் பிந்தி வந்தீர்கள். "ஷிப்ட் மாத்திப்போட்டாங்கள்" என்றீர்கள். செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். செவ்வாய்க்கிழமையில் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட யாழ்ப்பாணத்தானை நான் கண்டதில்லை. பிறகு உங்கள் உள்ளங்கை. சோறு போடும்போது பார்த்தேன், விரலடியில் கொப்புளம் உடைந்து காய்த்துப்போயிருந்தது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கதிரையில் இருக்கிறவருக்கு ஏன் கை காய்க்கிறது? கேட்டதற்கு, "பெட்டி தூக்கினது" என்றீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே மேசையில் விரலால் தட்டினீர்கள். ஒண்டு மூண்டு ரெண்டு நாலு, மூண்டு ஒண்டு நாலு ரெண்டு என்று வாய்க்குள் வேறு. குதிரைப் பந்தயமாக்கும் என்று ஒருநாள் நினைத்தேன். பந்தயம் பிடிக்கிறவன் சில நாளாவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். நீங்கள் ஒவ்வொரு செவ்வாயும் விசிலடித்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதாக ஊரிலிருந்து சொல்லி அனுப்பிய நாளிலிருந்து வீட்டில் சிரிப்பை மறந்த மனுசன், கிழமைக்கு ஒருநாள் மட்டும் எப்படி விசிலடிக்கும்?

மேல் ஃப்ளாட் ராணியக்காவை நினைவிருக்கும்தானே. உங்களுக்கு அவவைப் பிடிக்காது. அவவுக்கு நான் பஞ்சைக் காட்டினேன். அவ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆம்பிளை சும்மா சிரிக்கமாட்டான், பிள்ளை. ஆரோட போறார் எண்டு கேட்டுப் பாரும்" என்றா.

கேட்டேன். நீங்கள் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஜோனோட போறன்" என்றீர்கள்.

ஜோன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு ஜோன். தபாற்கந்தோரில் ஒருவர், என்னோடு படித்தவளின் தமையன் ஒருவர். பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிற வெள்ளைக்கார ஜோன் ஒருவர் இருக்கலாம்தானே. என் மனம் கொஞ்சம் ஆறியது. ஒரு கிழமைக்குத்தான் ஆறியது.

அடுத்த கிழமை பகலில் டெலிபோன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ, திஸ் இஸ் ஜோன்." வெள்ளைக்காரியின் குரல். கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு இன்னொருதரம் கேட்டேன். ஜோன்தான். ஆம்பிளை ஜோன் இல்லை, பொம்பிளை ஜோன். இங்கிலீஷ்காரன் எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசம் வைத்திருக்கிறான், எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான். பெயரில் நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. அதைவிட எனக்குச் சுட்டது வேறு. அவ உங்களைக் கேட்டது பெயர் சொல்லி. அதுவும் முழுப் பெயரில்லை, பாதி. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயரை ஒருத்தி பாதியாக நறுக்கி டெலிபோனுக்குள்ளால் அனுப்புகிறா. "நொட் ஹோம்" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கு உடனே சண்டைக்கு வரவில்லை. எனக்குப் பொறுமை இருந்தது. தேத்தண்ணி தந்துவிட்டு, "உந்த ஜோன் என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது. இப்ப பென்சன்."

"கலியாணம் கட்டின ஆளோ?"

"இல்லை. தனி ஆள்."

"எங்க இருக்கிறது?"

"உங்கதான், கிட்ட."

அவர் என்றும் சொல்லவில்லை, அவ என்றும் சொல்லவில்லை. தமிழில் ஒரு மனிதரைப் பற்றி அப்படி வழுவிக் கதைக்க எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும்! நெருப்பில்லாமல் புகையாது என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது. கலியாணத்துக்காகத் தனியே பிளேன் ஏறி வந்தவள் நான். உங்களைத் தவிர இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது பிளேஸ்டோவில் அண்ணை ஒருவர்தான். நீங்கள் போய்விட்டால் மகளையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு அண்ணையின் வரவேற்பறையில் போய்ப் படுக்கவேண்டும்.

அடுத்த செவ்வாய் காலை சொன்னேன்: "நான் பிள்ளையோட அண்ணை வீட்ட போறன். நாளைக்குத்தான் வருவன்." உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நீங்கள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஓம், ஓம். போட்டு ஆறுதலா வாரும்" என்றீர்கள். அந்த ஆறுதலையும் நான் சாட்சிக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

மகளை ராணியக்காவிடம் விட்டேன். என் கண் கலங்கினதைக் கண்டுவிட்டு, "இப்ப அழாதையும். முதல் கண்ணால பாரும், பாத்திட்டு அழலாம்" என்றா. அவவின் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, பின்னேரம் நீங்கள் வெளிக்கிட்டதும் பின்னாலேயே வந்தேன். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை. லண்டன் வீதியால் நடந்து, சந்தியில் திரும்பி, அந்தப் பழைய சேர்ச்சின் கேற்றைத் திறந்தபோது எனக்கு இரண்டாவது சந்தேகம் வந்தது. அட, மனுசன் வேதத்துக்கு மாறிவிட்டாரோ? அந்த நேரம் எந்தச் சந்தேகம் பாரதூரமானது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். ஒருத்திக்காக மதம் மாறுகிறவர்களையும் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கோபுரத்துக்குள் சுழன்று சுழன்று ஏறுகிற கல்லுப் படி. ஒரு கையில் சேலை, மற்றக் கையில் சுவரோடு போன கயிறு. மேலே ஒரு சின்னக் கதவு. அதற்குப் பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு வெள்ளைக்காரியின் குரல், டெலிபோனில் வந்த அதே குரல், நீட்டி, நெளித்துச் சொன்னது:

"இஞ்சாருங்கோ!"

அது என்னுடைய சொல். புருசன் பெயரைச் சொல்லக்கூடாதென்று எங்கள் பெண்கள் தங்கள் தங்கள் வீட்டுக்குள் வைத்திருக்கிற சொல். இதை ஒருத்தி ஒரு ஆம்பிளைக்குச் சொன்னால் அவளுக்கு அவன் யார் என்று யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயரைப் பாதியாக்கினதைக்கூடப் பொறுத்திருப்பேன். இதை எப்படிப் பொறுப்பது? அதற்குள் அந்தக் குரல் ட்ரெபிள் என்று என்னவோ சொல்லிவிட்டு, "ஷீஸ் கோன்" என்று முடித்தது. அவள் போய்விட்டாள். எவள்? நான்தான். பிளேஸ்டோவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான்தானே.

தலைக்கு மேலே இடி விழுந்ததுபோல் மணிகள் தொடங்கின. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கண்ட காட்சி இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வட்டமாக எட்டுப் பேர். ஆம்பிளையும் பொம்பிளையும், கிழவரும் இளசும். கூரையிலிருந்து எட்டுக் கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் கைபிடிக்கிற இடத்தில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் கம்பளி சுற்றியிருந்தது. கயிறு மேலே போகிறது, கீழே வருகிறது, ஒருவர் நெஞ்சுக்கு நேரே பிடித்து விடுகிறார், அடுத்தவர் பிடித்து விடுகிறார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி வந்து வாசலில் நின்றால் ஏன் என்று கேட்காத சனமா இது? நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறாவது கயிற்றில் நின்றீர்கள்.

நான் கூப்பிட்டேன். வேறு என்ன சொல்லிக் கூப்பிடத் தெரியும் எனக்கு?

"இஞ்சாருங்கோ!"

நீங்கள் திரும்பினீர்கள். முழுத் தலையும் திரும்பி, வாய் பாதி திறந்து, என்னையே பார்த்தீர்கள். உங்கள் கைக்கு வரவேண்டிய கம்பளி கைக்கு வராமல் மேலே போனது. கயிறு பாம்பாகத் துள்ளிக் கூரையை அடித்தது. அந்த வெள்ளைக்காரி "லெற் கோ!" என்று கத்த, மேலே மரம் முறிகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக மணியை நிறுத்தினார்கள். நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றீர்கள். காயம் ஒன்றும் இல்லை. பிறகு உங்களுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் செய்திக்குப் பிறகு முதல்முறையாக நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

ஜோன் முன்னால் வந்தா. வெள்ளைத் தலை, முழங்கையில் ஒட்டுப்போட்ட கார்டிகன், என் அம்மாவின் வயது இருக்கும். வயது ஒரு சாட்சி இல்லை என்று அப்போதும் நினைத்தேன், மறைக்கவில்லை. அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டா, "அப்ப இவதானோ அசல்?" என்று. நீங்கள் "ஓம்" என்றீர்கள். தமிழிலேயே சொன்னீர்கள். அவவுக்கு அதுவும் விளங்கியது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் வாய் திறந்தீர்கள். மணியடிக்க முன்னம் சின்ன மணிக்காரர் எல்லாரையும் "லுக் டு" என்று கூப்பிடுவாராம். கவனியுங்கோ, இஞ்ச பாருங்கோ என்கிற கருத்து. ட்ரெபிள் என்பது சின்ன மணியின் பெயர். மணியை அவர்கள் அவள் என்றுதான் சொல்வார்கள். அவள் புறப்பட்டுவிட்டாள் என்றுதான் "ஷீஸ் கோன்". நீங்கள் மேசையில் தட்டின இலக்கங்கள், எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்கிற வரிசையாம். உங்கள் மனுசி உங்களை என்னவென்று கூப்பிடுகிறவ என்று ஒருநாள் பியர் குடிக்கிற இடத்தில் கேட்டார்களாம். நீங்கள் சொன்னதும், அட எங்கட சொல்லுத்தானே என்று சிரித்து, பகிடிக்குப் பிடித்துக்கொண்டார்களாம்.

"அதெல்லாம் சரி. என்னட்ட ஏன் ஒளிச்சனீங்கள்?" என்றேன்.

நீங்கள் சுவெற்றரில் ஒட்டியிருந்த கம்பளிப் பஞ்சைக் கிள்ளி எடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "வீட்டில மணி அடிச்சா எனக்கு ஈரல் நடுங்குது. போனை எடுக்க முன்னம் தம்பியின்ர முகந்தான் வருது. அங்க நானே இழுக்கிற மணி. எப்ப அடிக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதில ஒரு செய்தியும் வராது." பிறகு, "அதை நீர் சிரிப்பீர் எண்டு நினைச்சன்" என்றீர்கள்.

நான் சிரிக்கவில்லை. டெலிபோன் அடித்தால் நீங்கள் எழும்பிக் குளியலறைக்குப் போவதை நானும் எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன். அதையும் ஒரு கள்ளத்தனமாகத்தான் எண்ணி வைத்திருந்தேன். நான் சந்தேகப்பட்டது பிழை என்று இப்போதும் எழுதமாட்டேன். நீங்கள் ஒளித்தது பிழை. ஆனால் அன்றைக்கு லண்டன் வீதியில் உங்கள் காய்த்த கையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருவில் கைபிடித்து நடக்கிற ஆட்களா நாங்கள்? ராணியக்கா ஜன்னலால் பார்த்திருக்கிறா. "என்ன பிள்ளை, கண்டு பிடிச்சிட்டீர் போல" என்றா.

மனதுக்குள் கிடந்த முடிச்சை அவிழ்த்தது உங்கள் விளக்கம் இல்லை, அடுத்த கிழமை ஜோன் சொன்ன ஒரு வசனம். மணியைத் தடுத்து நிறுத்துகிற கட்டைதான் அன்றைக்கு முறிந்ததாம், அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று பூட்டுகிறார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், மன்னிப்புக் கேட்கவைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. ஜோனும் எதிர்பார்க்கவில்லை. கயிறு கையில் இருக்கும்போது தலையைத் திருப்பக்கூடாது, அது கோபுரத்தின் முதல் சட்டம், உன் மனுசன் அதில் படு கெட்டிக்காரன் என்றா. எத்தனை மாதமாக அந்தச் சொல்லைச் சொல்லி நான் கூப்பிடுகிறேன், ஒருதரமாவது திரும்பியிருப்பாரா? நீ ஒருதரம் கூப்பிட்டாய், மணிக்கட்டையே முறிந்தது என்றா. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் கறுப்புச் சுவெற்றரை நானே எடுத்து வைத்தேன். பைகளை மட்டும் தடவாமல் விடவில்லை. பழக்கம் பழக்கந்தானே.

தம்பியைப் பற்றிய செய்தி கடைசிவரை வரவில்லை. நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. நீங்கள் தொண்ணூறுகள் முழுக்க அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். போன மாரியில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். அதைச் சொல்ல டெலிபோன் அடித்தபோது நான் பயமில்லாமல்தான் எடுத்தேன். பயப்படுகிற ஆள் நீங்கள்தானே என்று அலட்சியமாக எடுத்தேன்.

செத்த வீட்டுக் கிரியைகள் எல்லாம் எங்கள் முறைப்படி நடந்தன. தேவாரம், சுண்ணம் இடித்துப் பாடினது, எல்லாம். அன்று பின்னேரம் ஜோன் வந்து கதவடியில் நின்றா. உங்களுக்காக மணியடிக்கப்போகிறார்களாம், வருகிறாயா என்று கேட்டா. அண்ணை முகத்தைச் சுளித்தார். "சைவக்காரனுக்குச் சேர்ச் மணியோ? சனம் என்ன சொல்லும்?" என்றார். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ. "அது சாமிக்கு அடிக்கிற மணியில்லை, அண்ணை. ஆளுக்கு அடிக்கிறது. நான் போட்டு வாறன்" என்றேன்.

போகிற வழியில் ஜோனிடம் கேட்டேன். இத்தனை வருசமாக அரித்துக்கொண்டிருந்த கடைசிச் சந்தேகம் அது. உண்மையாகவே கோபுரத்து ஆட்கள் பகிடிக்குத்தான் அந்தச் சொல்லைப் பிடித்தார்களா? ஜோன் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. பகிடியா, யார் சொன்னது என்றா. தொடக்கத்தில் உன் மனுசன் ஒவ்வொருமுறையும் பிந்தித்தான் இழுப்பார். லுக் டு என்றால் என் காதில் ஏறுதில்லை, என் மனுசி கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுங்கோ, அதுக்குத்தான் நான் உடன எழும்பிப் பழக்கம் என்று அவரேதான் சொல்லித் தந்தவர் என்றா.

பார்த்தீர்களா? சாகும்வரைக்கும் பொய். பியர் குடிக்கிற இடமாம், பகிடியாம். உள்ளதைச் சொல்லியிருந்தால் நான் என்ன, கடித்திருப்பேனா? கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து, கோபுரப் படியில் அரைவாசியில் இருந்துவிட்டேன். ஜோன் பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினா. ராணியக்கா சொன்ன அழுகை அன்றைக்குத்தான் வந்தது.

மேலே மணி நாக்குகளின் ஒரு பக்கத்தில் தோல் கட்டியிருந்தார்கள். ஒரு அடி சத்தமாகக் கேட்கும், அடுத்த அடி எங்கேயோ தூரத்தில் கேட்கும். சாவுக்கு அப்படித்தானாம். ஆறாவது கயிற்றை வேறு கோபுரத்திலிருந்து வந்த ஒருவர் பிடித்திருந்தார். ஜோன் சின்ன மணிக் கயிற்றைப் பிடித்தா, வாயைத் திறந்தா, சொல் வரவில்லை. இன்னொருதரம் முயன்று பார்த்தா. பிறகு சுவரோர வாங்கில் இருந்த என்னைப் பார்த்துத் தலையை அசைத்தா.

உங்களைச் சுடலையில் விட்டுவிட்டு வந்த நேரத்திலிருந்து எனக்குள் அதுதான் கிடந்து உழன்றது. இனி அந்தச் சொல்லை யாருக்குச் சொல்வது? உங்களுக்கென்று நான் வேறு ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. மகளுக்குச் சொல்ல ஏலாது, அண்ணைக்குச் சொல்ல ஏலாது. தாலியைக் கழற்றினால் பெட்டிக்குள் வைக்கலாம், இதை எங்கே வைப்பது?

எழும்பி நின்று சொன்னேன்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். கயிறு தொடமாட்டேன், அது எனக்குச் சரிவராது. கூப்பிடுகிற வேலை என்னுடையது. இன்றைக்கு உங்கள் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கே போகிறாய் என்று மகள் கேட்டாள். சப்பாத்தைப் பூட்டிக்கொண்டே, "ஜோனோட போறன்" என்றேன்.

மேலே எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஆறாவது கயிற்றைப் பார்த்து, இஞ்சாருங்கோ என்பேன். ஒருவரும் தலையைத் திருப்பமாட்டார்கள். மணி ஒழுங்காக அடிக்கும்.